டிவியில கோடு ஓடுதா? எர்த் பின்னை மட்டும் உடைச்சிடாதீங்க

ஹாஸ்டல் டிவி ரூம்ல லேப்டாப்பை மாட்டி மேட்ச் பாக்கறது, சிம்போசியத்துக்கு டிவியை இழுத்துட்டு வந்து ப்ராஜெக்ட் டெமோ காட்டறது, லீவுக்கு ஊருக்குப் போனா வீட்டு டிவியில படம் போடறது, இதெல்லாம் நம்ம எல்லாரும் பண்றதுதான். மாட்டினதும் படம் சுத்தமா வந்துட்டா பிரச்சினை இல்ல. ஆனா சில சமயம் திரையில ஒரு பட்டை ஓடும், எழுத்துக்குப் பக்கத்துல நிழல் விழும், இல்லன்னா மின்மினிப் பூச்சி மாதிரி புள்ளி புள்ளியா மின்னும். உடனே ரூம்ல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பிப்பாங்க. "கேபிளை ஆட்டு", "காஸ்ட்லி கேபிள் வாங்கு", கடைசியா ஒருத்தர் "எர்த் பின்னை உடைச்சிடு மச்சி, சரியாயிடும்" அப்படிம்பார்.

அந்தக் கடைசி வைத்தியம் பல சமயம் வேலை செய்யும். அதுதான் அதோட ஆபத்து. அது ஏன் வேலை செய்யுது, ஏன் அதை ஒருபோதும் செய்யக் கூடாது, அதுக்குப் பதிலா என்ன செய்யணும்? இந்தக் கட்டுரை அதைப் பத்தினதுதான். நாலு செமஸ்டர்ல படிச்சதே இதுக்குப் போதும், புதுசா எதுவும் தேவையில்ல.

கோளாறுக்கு ஒரு முகம் உண்டு

எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் திரையை மட்டும் பாருங்க. எந்த மாதிரி கெட்டுப் போயிருக்கு?

மங்கலான அகலமான பட்டை மேலும் கீழுமா ஓடுதுன்னா, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சிக்னலோட கலந்திருக்கு. எழுத்துக்கு வலது பக்கம் மட்டும் நிழல் விழுதுன்னா, கேபிள்ல சிக்னல் எதிரொலிக்குது. புள்ளிகள் மின்னுது, அல்லது திரை ஒரு நொடி கருப்பாகித் திரும்ப வருதுன்னா, டிஜிட்டல் இணைப்புல பிட்டுகள் தொலையுது. ஓரம் வெட்டுப்படுது, எழுத்து மசமசன்னு இருக்கு, ஆனா எதுவும் அசையலன்னா அது இன்டர்ஃபியரன்ஸே இல்ல, டிவி செட்டிங்.

இந்த நாலையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. ஏன்னா பட்டை ஓடுறவர் ஆயிரம் ரூபாய்க்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கியும் பிரயோஜனம் இல்ல, புள்ளி மின்னுறவர் எர்த்தை நோண்டியும் பிரயோஜனம் இல்ல.

அனலாக்கா, டிஜிட்டலா?

விஜிஏ கேபிள் அனலாக். சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி வயர். கருப்புன்னா 0 வோல்ட், முழு வெளிச்சம்னா 0.7 வோல்ட். 8 பிட் கணக்குல அந்த 0.7 வோல்ட்டை 255 படிகளாப் பிரிச்சா ஒரு படி சுமார் 2.7 மில்லிவோல்ட்தான். அப்போ வெளியிலிருந்து 27 மில்லிவோல்ட் ஹம் உள்ள புகுந்தாலே வெளிச்சம் 10 படி ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியும். டிவிக்கு எது படம், எது ஹம்னு பிரிக்கத் தெரியாது. வந்த வோல்டேஜை அப்படியே காட்டிடும்.

ஹெச்டிஎம்ஐ அப்படி இல்ல. 2002 டிசம்பர்ல வெளியான அந்த ஸ்டாண்டர்டு, படத்தை 0, 1 ஆக மாத்தி அனுப்புது. அதுவும் டிஃபரன்ஷியல் ஜோடியில. ரெண்டு வயர்லயும் சமமா ஏறுற ஹம்மை ரிசீவர் கழிச்சுத் தள்ளிடும். லீனியர் ஐசி பேப்பர்ல வர்ற அதே காமன் மோட் ரிஜெக்‌ஷன்தான். அதனால நேரடி ஹெச்டிஎம்ஐ இணைப்புல 50 ஹெர்ட்ஸ் பட்டை சிக்னல் வழியா வர வழியில்ல. அங்க கோளாறு வந்தா ஒரு எல்லை வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லை தாண்டினதும் திடீர்னு உடையும்.

ஒரு விதிவிலக்கை மறந்துடாதீங்க. பழைய டிவிக்காக லேப்டாப் ஹெச்டிஎம்ஐயை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின்னா மாத்துற சின்னப் பெட்டி இருக்கே, அதுக்கு அப்புறம் வர்றது அனலாக். பட்டை அங்க தாராளமா வரும்.

ஓடுற பட்டையோட கணக்கு

ஆன்லைன்ல அமெரிக்க வீடியோ ஏதாவது பாத்திருந்தீங்கன்னா, "பட்டை மெதுவா நகரும்"னு சொல்லுவாங்க. நம்ம ரூம்ல பாத்தா அது மெதுவா நகராது, படபடன்னு ஓடும். ரெண்டும் சரிதான். அவங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அவங்க டிவி சிக்னல் 59.94 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 0.06. அதனால ஒரு பட்டை திரையைக் கடக்கச் சுமார் 17 நொடி ஆகும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லேப்டாப் அனுப்புறது 60. வித்தியாசம் 10. ஒரு நொடிக்கு 10 தடவை அந்த வடிவம் சுத்தி வரும். டிஎஸ்பி பேப்பர்ல வர்ற அலையசிங் இதுதான், இங்க கண்ணாலயே பாக்கலாம்.

இதையே ஒரு சோதனையாவும் வெச்சுக்கலாம். அந்த ஏவி பெட்டியில பெரும்பாலும் பிஏஎல், என்டிஎஸ்சின்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பிஏஎல் பக்கம் தள்ளினா திரை 50 ஹெர்ட்ஸுக்கு வந்துடும். ஓடிட்டிருந்த பட்டை கிட்டத்தட்ட நின்னு, ஊர்ந்து போக ஆரம்பிச்சா, குற்றவாளி மெயின்ஸ் கரண்ட்தான்னு உறுதி. விஜிஏவா இருந்தா, டிவி ஏத்துக்கிட்டா ரெஃப்ரெஷ் ரேட்டை 50க்கு மாத்திப் பாருங்க.

பட்டை ஏன் முழுசா நிக்காம ஊருது? நம்ம நாட்டு கிரிட் அச்சா 50ல நிக்கறதில்ல. விதிப்படி 49.90லேர்ந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும். இப்போ 49.95ல இருக்குன்னு வெச்சுக்குங்க, பட்டை திரையைக் கடக்க 20 நொடி ஆகும், மேலிருந்து கீழ போகும். கிரிட் 50ஐத் தாண்டினா கீழிருந்து மேல போகும். இந்தச் சோதனையில பட்டை ஒண்ணுதானா, ரெண்டான்னும் எண்ணுங்க. ஒண்ணுன்னா 50 ஹெர்ட்ஸ், அநேகமா எர்த் லூப். ரெண்டுன்னா 100 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபையர் ரிப்பிளோட அடையாளம் அது. ஏதோ ஒரு பவர் சப்ளையில ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாயிருக்கு.

அந்த லூப் எங்க இருக்கு?

கரண்ட் போற பாதையை விரலால தொட்டுத் தொட்டுப் போவோம். லேப்டாப் சார்ஜர் மூணு பின். பல சார்ஜர்கள்ல எர்த் பின், வெளியே வர்ற டிசியோட நெகட்டிவ் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கிருந்து லேப்டாப் பாடி, விஜிஏ கேபிளோட ஷீல்டு, டிவியோட சேசிஸ். டிவிக்குப் பெரும்பாலும் ரெண்டு பின்தான், அதுக்குத் தனியா எர்த் கிடையாது. அத்தோட முடிஞ்சிருந்தா லூப்பே இல்ல. ஆனா டிவியில கேபிள்காரர் இழுத்த கோஆக்ஸ் வயர் இருக்கே! அதோட ஷீல்டு தெருவைத் தாண்டி, ஆம்ப்ளிஃபையர் வைக்கப்பட்ட இடம் வரைக்கும் போய், அங்க இன்னொரு எர்த்தைத் தொடுது.

இப்போ ஒரே சர்க்யூட்ல ரெண்டு எர்த். ரெண்டு இடத்து மண்ணும் ஒரே வோல்டேஜ்ல இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. சில வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அந்தக் கரண்ட் உங்க விஜிஏ ஷீல்டு வழியாத்தான் ஓடும். ஷீல்டோட சின்ன ரெசிஸ்டன்ஸ்ல விழுற மில்லிவோல்ட்தான் திரையில பட்டையா ஓடுது. ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு கேக்கறதும் அதே கரண்ட்தான்.

இதை உறுதி பண்ண ரெண்டே ரெண்டு சோதனை.

முதல் சோதனை: சார்ஜரைக் கழட்டி லேப்டாப்பை பேட்டரியில ஓட்டுங்க. பட்டை போயிடுச்சுன்னா, பிரச்சினை சார்ஜர் பக்கத்து எர்த்தைத் தொட்டுத்தான் வருது.

ரெண்டாவது சோதனை: சார்ஜரைத் திரும்ப மாட்டிட்டு, இந்தத் தடவை டிவியோட பின்னாடி இருக்கிற கோஆக்ஸ் வயரைக் கழட்டுங்க. இப்பவும் பட்டை போயிடுச்சுன்னா, லூப் உறுதி. போகலன்னா சார்ஜரே நாய்ஸ் போடுது, இல்ல விஜிஏ கேபிளோட ஷீல்டு அறுந்திருக்கு. இன்னொரு நண்பரோட சார்ஜர், இன்னொரு கேபிள்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. ரெண்டையும் சேர்த்து மாத்தினீங்கன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாமயே போயிடும்.

எங்க அறுக்கறதுங்கறதுதான் இன்ஜினியரிங்

லூப்னா வட்டம். வட்டத்தை எந்த இடத்துல வெட்டினாலும் ஹம் நின்னுடும். எர்த் பின்னை உடைச்சா ஏன் படம் சரியாகுதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும். ரெண்டு பின் கன்வெர்டர்ல சொருகறதும் அதே வேலைதான்.

ஆனா அந்த எர்த் பின் படத்துக்காக வெச்சது இல்ல. நம்ம ஊர் ப்ளக்கைக் கையில எடுத்துப் பாருங்க. மூணாவது பின் மத்த ரெண்டை விட நீளமா, தடிமனா இருக்கும். சொருகும்போது அதுதான் முதல்ல தொடணும், கழட்டும்போது அதுதான் கடைசியா விடணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. உள்ள ஏதாவது பழுதாகி லைன் வயர் பாடியைத் தொட்டா, அந்த பின் வழியா பெரிய கரண்ட் மண்ணுக்குப் போய் ஃபியூஸோ எம்சிபியோ விழுந்துடும். நமக்கு எதுவும் ஆகாது.

அந்த பின் இல்லாதப்போ என்ன ஆகும்? ரெண்டு கட்டமாப் பாருங்க.

சார்ஜர் நல்லா இருக்கும்போது: உள்ள நாய்ஸ் ஃபில்டருக்காக ஒய் கெப்பாசிட்டர்னு சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கு. லைன்லேர்ந்து எர்த்துக்கு ஒண்ணு, நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒண்ணு. எர்த் அறுந்துட்டா இந்த ரெண்டும் வோல்டேஜ் டிவைடர் ஆயிடும். லேப்டாப் பாடி 230ல பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்ல மிதக்கும். மெட்டல் பாடி லேப்டாப்ல கை வெச்சா சுர்ருனு இருக்குமே, அதுதான். 2.2 நானோஃபாரட்னு ஒரு மதிப்பு போட்டுக் கணக்குப் பண்ணுங்க: 2 × பை × 50 × சி × 230. வர்றது சுமார் 0.16 மில்லிஆம்பியர். இதனால உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா இது ஒரு எச்சரிக்கை.

சார்ஜர் பழுதாகும்போது: ப்ரைமரியும் செகண்டரியும் உள்ள ஒட்டிக்கிட்டா, 230 வோல்ட் நேரா லேப்டாப் பாடிக்கு வரும். எர்த் பின் இல்ல. ஃபியூஸ் போகாது. அந்தக் கரண்ட் மண்ணைத் தேடும். வழி எது? டிவி கேபிளோட மெல்லிய ஷீல்டு. அது வழியா டிவியோட ஒவ்வொரு மெட்டல் பாகமும், அங்கிருந்து கோஆக்ஸ் வயரும் உயிரோட இருக்கும். அந்த நேரத்துல டிவிக்குப் பின்னாடி கை விட்டு வயர் மாத்தறவரோ, மாடியில கேபிளைப் பிடிச்சிட்டு நிக்கறவரோதான் எர்த். அவருக்கும் நம்ம படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. மெயின் போர்டுல 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா அது காப்பாத்தலாம். எத்தனை ஹாஸ்டல் போர்டுல அது இருக்கு, இருந்தாலும் டெஸ்ட் பட்டனை யாராவது அமுக்கிப் பாத்திருக்காங்களா?

அதனால விதி ஒண்ணே ஒண்ணு. லூப்பை சிக்னல் பக்கம் வெட்டுங்க, எர்த் பக்கம் வெட்டாதீங்க.

சிக்னல் பக்கம் வெட்ட வழிகள்:

காசு செலவில்லாத வழி, லேப்டாப் மாட்டும்போது டிவியிலேர்ந்து கோஆக்ஸ் வயரைக் கழட்டி வைக்கறது. ரெண்டு மணி நேரப் படத்துக்கோ டெமோவுக்கோ இது போதும்.

லேப்டாப்பையும் டிவியையும் தூரத் தூரமா வேற வேற சுவர் பிளக்ல சொருகாம, நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க. டிவியோட ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாத்தையும் அதுலயே. கோஆக்ஸ் வழியா வர்ற லூப்பை இது தீர்க்காது, ஆனா ரெண்டு பிளக் பாயின்ட்டுக்கு நடுவுல இருக்கிற எர்த் வித்தியாசத்தைத் தீர்க்கும்.

நிரந்தரத் தீர்வு வேணும்னா, கோஆக்ஸ் வயர்ல கேல்வானிக் ஐசோலேட்டர்னு ஒரு சின்ன பீஸ் போடலாம். சிக்னலைக் கெப்பாசிட்டர் வழியா விட்டுட்டு, 50 ஹெர்ட்ஸை நிறுத்திடும். கேபிள் டிவிக்குச் சரி. டிஷ் ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவுல சாதாரண ஐசோலேட்டர் போட்டா படமே வராது. ஏன்னா அந்த வயர்லதான் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் டிசியை டிஷ் தலைக்கு அனுப்புது.

படம் நல்லா இருந்து சத்தத்துல மட்டும் ஹம்னா, 3.5 மில்லிமீட்டர் ஆடியோ வயர்ல ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச ஐசோலேட்டர் போதும்.

கேபிள் மாட்டும்போது, கழட்டும்போது லேப்டாப் சார்ஜரையும் டிவியையும் ஆஃப் பண்ணிட்டுச் செய்யுங்க. 115 வோல்ட்ல மிதக்கிற பாடியை போர்ட்ல சொருகினா, அந்த நொடியில பாயுற கரண்ட் போர்ட்டையே சாகடிக்கலாம்.

புள்ளி மின்னுதுன்னா

இப்போ ஹெச்டிஎம்ஐ ஆட்கள் பக்கம் வருவோம். 1080பி, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு பிக்சல் க்ளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு டேட்டா ஜோடியிலயும் நொடிக்கு 1.485 கிகாபிட் ஓடுது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கற நேரம் சுமார் 0.67 நானோசெகண்ட். 4கே, 60 ஹெர்ட்ஸ்னா அது நாலு மடங்கு: ஜோடிக்கு 5.94 கிகாபிட், பிட்டுக்கு 0.17 நானோசெகண்ட். நேத்து வரைக்கும் 1080பியில நல்லா இருந்த கேபிள், 4கே டிவியில புள்ளி மின்னுறதுக்குக் காரணம் இதுதான். கேபிள் மாறல, அது மேல ஏத்தின பாரம் மாறிடுச்சு.

சோதனை சுலபம். டிஸ்ப்ளே செட்டிங்ல 4கேயை 1080பிக்கு இறக்குங்க, இல்ல 60 ஹெர்ட்ஸை 30க்கு இறக்குங்க. புள்ளி மறைஞ்சா கேபிளோ, நடுவுல இருக்கிற அடாப்டரோதான் குற்றவாளி. நீளத்தைக் குறைங்க, ரெண்டு கேபிளை ஜாயின்ட் போட்டு ஓட்டாதீங்க, டைப் சி அடாப்டரை மாத்திப் பாருங்க. மறையலன்னா டிவியில வேற ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மாத்துங்க.

ஃபேன், ட்யூப்லைட் சுவிட்ச் போடும்போது மட்டும் ஒரு நொடி கருப்பாகுதுன்னா, சுவிட்ச்ல வர்ற ஸ்பார்க் கேபிளுக்குள்ள போகுது. ஷீல்டு நல்லா இருக்கிற கேபிள், கொஞ்சம் தள்ளி வயரிங். அவ்வளவுதான். தங்க முலாம் பூசினதுக்காகக் கூடுதல் காசு குடுத்தா கலர் அழகா வரும்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. பிட் சரியா வந்து சேர்ந்துட்டா, மலிவு கேபிள்லயும் அதே படம்தான்.

நிழல் விழுதுன்னா

விஜிஏல எழுத்துக்கு வலது பக்கம் நிழல் வந்தா, ட்ரான்ஸ்மிஷன் லைன் பேப்பரைத் தூசி தட்டுங்க. கேபிள், ரெண்டு முனை எல்லாமே 75 ஓம்ல பொருந்தணும். பொருந்தாத இடத்துல சிக்னலோட ஒரு பகுதி திரும்பிப் போய், மறுபடி மோதி, லேட்டா வந்து சேரும். திரை இடமிருந்து வலமா வரையப்படுறதால, லேட்டா வந்தது வலது பக்கம் விழும். 10 மீட்டர் கேபிள்ல போய்த் திரும்ப 20 மீட்டர், மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்ட், ஆக 100 நானோசெகண்ட். 148.5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு பிக்சல் 6.7 நானோசெகண்ட். அப்போ நிழல் சுமார் 15 பிக்சல் தள்ளி விழும். தலைகீழா, நிழல் எத்தனை பிக்சல்னு பாத்து எதிரொலி எவ்வளவு தூரத்துல இருந்து வருதுன்னும் சொல்லலாம். செமினார் ஹால்ல சுவருக்குள்ள போற கேபிள்ல ஜாயின்ட் எங்கன்னு தேட இது உதவும்.

நிழல் இல்லாம, மெல்லிய செங்குத்துக் கோடுகள் மட்டும் நடுங்குதுன்னா டிவி மெனுல ஆட்டோ அட்ஜஸ்ட் அமுக்குங்க. படமே மஞ்சளா இருந்தா நீல பின் தொடல, ஊதா கலந்த சிவப்பா இருந்தா பச்சை பின் தொடல. கனெக்டரைக் கழட்டி, பின் வளைஞ்சிருக்கான்னு பாருங்க.

இன்டர்ஃபியரன்ஸே இல்லாதவை

டாஸ்க்பார் பாதி தெரியலன்னா அது ஓவர்ஸ்கேன். டிவி மெனுல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட்னு ஏதாவது ஒரு பேர்ல இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்க. நீல பேக்ரவுண்ட்ல சிவப்பு எழுத்து மட்டும் மசமசன்னு இருந்தா, டிவி கலர் தகவலைக் குறைச்சு எடுத்துக்குது. அந்த இன்புட்டோட பேரை பிசின்னு மாத்தினா பல டிவிகள்ல சரியாகும். கருப்பு, சாம்பலா தெரிஞ்சா ஆர்ஜிபி ரேஞ்ச் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. மெல்லிய கோடுகள் மட்டும் துடிச்சா 1080ஐ விட்டு 1080பிக்கு வாங்க.

இன்னிக்கே செய்ய ஒரு வேலை

உங்க ரூம்ல லேப்டாப் பாடி சுர்ருனு இருக்கா? சார்ஜர்ல மூணு பின்னும் முழுசா இருந்தும் அப்படின்னா, உங்க பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும், பின்னாடி வயர் இல்லாம இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 230 வோல்ட் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல சில வோல்ட்டுக்கு மேல வரக் கூடாது. வேற மாதிரி வந்தா மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர்ல ரூம் நம்பர் போட்டு எழுதுங்க, சரியாகற வரைக்கும் விடாம கேளுங்க. பக்கத்து ரூம்லயும் கேட்டுப் பாருங்க, ஒரே லைன்ல போற ரூம்கள்ல எர்த் சேர்ந்தே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த தடவை டிவி ரூம்ல யாராவது கட்டிங் ப்ளேயரோட சார்ஜர் பக்கம் போனா, தடுத்து நிறுத்தி கோஆக்ஸைக் கழட்டச் சொல்லுங்க. மேட்ச் தெளிவாத் தெரியும், மூணாவது பின்னும் அது இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கும்.